லேப்டாப் முழிச்சிருக்கட்டும், கதவு பூட்டியிருக்கட்டும்

தங்கச்சி, நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு நீ போன் பண்ணினப்ப எனக்குப் பாதித் தூக்கம். "பெரிய ஃபைல் அப்லோடு போட்டுட்டு சாப்பிடப் போனேன்க்கா, வந்து பார்த்தா லேப்டாப் தூங்கிட்டிருக்கு, பாதியிலேயே நின்னுபோச்சு"ன்னு அழாத குறை. தூங்கவே விடாத ஆப் ஒண்ணு சொல்லுன்னு கேட்டே. காலையில சொல்றேன்னு வெச்சுட்டேன். இப்ப சொல்றேன், ஆனா ஆப் பேரை மட்டும் சொல்லிட்டுப் போற சமாச்சாரம் இல்லை இது. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே அவசரத்துல கைக்குக் கிடைச்ச ஒண்ணைப் போட்டுட்டு, ஒரு பெரிய மனுஷர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னவ.

அந்தக் கதையை உன்கிட்ட முழுசா சொன்னதில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, கல்யாண வீடியோ எடிட்டிங். மூணு மணி நேர முழு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டா என் பழைய லேப்டாப் அஞ்சு மணி நேரம் மூச்சு வாங்கும். நடுவுல தூங்கிட்டா எழுப்பற வரைக்கும் அப்படியே நிக்கும். சில நாள் எழுப்பினதும் சாஃப்ட்வேர் செத்துக் கிடக்கும். பொறுக்க முடியாம, மவுஸைத் தானே ஆட்டிக்கிட்டே இருக்கிற ஒரு இலவச ஆப்பைப் போட்டேன். ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிறதா கம்ப்யூட்டர் நம்பிக்கும், தூங்காது. பிரமாதம்னு நினைச்சேன்.

அன்னைக்கு ஸ்டேடியத்துல மேட்ச். கொச்சி கலூர்ல குடியிருக்கிறவங்களுக்கு மேட்ச் நாள்னா என்னன்னு தெரியும். சாயங்காலம் ஆனா ரோடு பூரா மஞ்சள் ஜெர்சி, கொட்டு, ஊதல். மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல போட்டோகிராபர்கிட்ட ஹார்டு டிஸ்க் வாங்கிட்டுப் பத்தே நிமிஷத்துல திரும்பிடலாம்னு போனவ, கூட்டத்துல மாட்டி வீடு வர ஐம்பது நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள பக்கத்து ஃபிளாட் பையன் வந்திருக்கான். ரெண்டாம் கிளாஸ். என்னை "சேச்சி"ன்னு கூப்பிட்டுட்டு உரிமையா உள்ளே வர்றவன். அத்தை சீரியல் பார்த்துட்டே கதவைத் திறந்து விட்டிருக்காங்க. என் லேப்டாப் திறந்து கிடக்கு, திரை பளிச்சுன்னு எரியுது, வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கு. அதுல இருந்தது மணப்பொண்ணோட அப்பா சாட்.

மஞ்சள் இதயம், யானை, மஞ்சள் இதயம், யானை. கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபுட்பால் டீம் ரசிகன் இல்லையா, அவங்க சின்னமே யானைதானே. மூணு ஸ்க்ரோலுக்கு அனுப்பியிருக்கான். மனுஷர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். மறுநாள் நேர்ல போய் விளக்கம் சொன்னேன், சிரிச்சிட்டார். ஆனா எனக்குச் சிரிப்பு வரலை. அடுத்த டேப்ல என் மெயில் திறந்திருந்தது. மெயில் ஒருத்தன் கையில கிடைச்சா போதும், "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு அமுக்கி அமுக்கியே மத்த எல்லாக் கணக்கையும் தன் பக்கம் திருப்பிக்கலாம். வந்தது குழந்தையா இருந்ததால யானையோட போச்சு.

அன்னைக்குத்தான் உட்கார்ந்து யோசிச்சேன். தூக்கம், திரை, பூட்டு, இந்த மூணும் வேற வேற. நாம மூணையும் ஒண்ணா நினைச்சுக் குழப்பிக்கிறோம். தூக்கம்னா மெஷினே வேலையை நிறுத்திட்டுப் படுத்துக்கறது. திரை அணையறதுன்னா வெளிச்சம் மட்டும் போறது, உள்ளே வேலை ஓடிக்கிட்டேதான் இருக்கும். பூட்டுன்னா நீ திரும்பி வந்து பாஸ்வேர்டோ பின் நம்பரோ கைரேகையோ கொடுத்தாத்தான் உள்ளே விடறது. உன் அப்லோடு ஓட, தூக்கம் ஒண்ணை மட்டும் தடுத்தா போதும். திரை அணையட்டும், பூட்டும் விழட்டும். மட்டாஞ்சேரி பக்கம் மசாலாக் கிடங்குத் தெருவுல நடந்திருக்கியே, உள்ளே மூட்டை கட்டற சத்தம் கேட்கும், தெருக்கதவு சாத்தியிருக்கும். அந்த மாதிரி.

முதல் டிப் ஆப்பே இல்லாதது. நிறையப் பேருக்கு இது தெரியலைங்கறது எனக்கு ஆச்சரியம். லேப்டாப்பைப் பூட்டினா ஓடற வேலை நிக்காது! விண்டோஸ்ல விண்டோஸ் பட்டனோட எல் எழுத்தை அமுக்கு. மேக்ல கன்ட்ரோல், கமாண்ட், கியூ மூணையும் சேர்த்து அமுக்கு. உபுண்டுல விண்டோஸ் மாதிரியேதான். திரை பூட்டிக்கும், பின்னாடி டவுன்லோடு, ரெண்டர், அப்லோடு எல்லாம் அது பாட்டுக்கு ஓடும். "பூட்டினா நின்னுடும்"னு பயந்து திறந்தே போட்டுட்டு எழுந்து போறவங்கதான் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலையை நிறுத்தறது தூக்கம்தான். பூட்டு மேல பழி போடாதே.

உன்னோடது விண்டோஸ்தானே, அதனால அதையே விரிவா சொல்றேன். மைக்ரோசாஃப்டே இலவசமா தர்ற பவர்டாய்ஸ்னு ஒரு தொகுப்பு இருக்கு. அதுக்குள்ள அவேக்னு ஒரு சின்ன கருவி. கடிகாரத்துக்குப் பக்கத்துல காப்பிக் கோப்பை மாதிரி ஐகான் வந்து உட்காரும். காலவரையில்லாம முழிச்சிருக்கலாம், இல்லைன்னா இத்தனை மணி நேரத்துக்குன்னு சொல்லலாம், இன்ன தேதி இன்ன நேரம் வரைக்கும்னும் சொல்லலாம். நீ எப்பவும் மணிக்கணக்கைச் சொல்லிப் போடு. "காலவரையில்லாம" போட்டா மறந்துடுவோம், மூணு நாள் கழிச்சுதான் ஞாபகம் வரும். அதுலேயே "திரையையும் எரிய விடு"ன்னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கு. அதைத் தொடாதே. அது அணைஞ்சே இருக்கட்டும். இந்த ஒரு சுவிட்ச்லதான் பாதி விஷயம் இருக்கு.

அவேக்கை நான் நம்பறதுக்குக் காரணம், அது ஏமாத்து வேலை பண்ணாது. உன் பவர் செட்டிங்ஸையும் மாத்தி எழுதாது. "நான் வேலையில இருக்கேன், கொஞ்சம் தூங்காம இரு"ன்னு விண்டோஸ்கிட்ட முறையா ஒரு கோரிக்கை வைக்கும், அவ்வளவுதான். வீடியோ பார்க்கும்போது திரை அணையறதில்லையே, பிளேயரும் இதே மாதிரி கோரிக்கைதான் வைக்குது. அவேக்கை மூடினா கோரிக்கை தானே வாபஸ் ஆகிடும், எல்லாம் பழையபடி. செட்டிங்ஸுக்குள்ள போய் தூக்கத்தை "எப்பவும் வேண்டாம்"னு மாத்தி வெக்கறதுல அந்த வசதி கிடையாது. மாத்தினதை யாரும் திரும்பப் போய் சரி பண்றதில்லை.

இங்கதான் ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு, கவனமாப் படி. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ்னு போனா, நீ விலகிப் போய்த் திரும்பி வந்தா எப்ப மறுபடி பாஸ்வேர்டு கேட்கணும்னு ஒரு கேள்வி இருக்கும். பல லேப்டாப்ல அதுக்குப் பதில் "தூக்கத்துலேர்ந்து எழும்போது"ன்னு இருக்கும். நல்லாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா நீதான் அதைத் தூங்கவே விடப் போறதில்லையே! தூங்காத மெஷின் எழறது எங்கே, பாஸ்வேர்டு கேட்கறது எங்கே? ஆப் ஒரு தப்பும் பண்ணலை, நீயும் பண்ணலை, ஆனா ராத்திரி பூரா வீடு திறந்து கிடக்கும்.

இதுக்கு வழி, எல்லாரும் மறந்துபோன ஸ்க்ரீன் சேவர். ஸ்டார்ட்ல ஸ்க்ரீன் சேவர்னு தேடினா பழைய காலத்து ஜன்னல் ஒண்ணு திறக்கும். அதுல பிளாங்க்னு இருக்கறதைத் தேர்ந்தெடு, நேரம் 5 நிமிஷம் போடு, "திரும்பும்போது லாகின் திரையைக் காட்டு"ங்கற கட்டத்துல டிக் அடி. இப்ப லேப்டாப் தூங்காம முழிச்சிருக்கும், 5 நிமிஷம் கை படலைன்னா திரை கறுத்துப் பூட்டிக்கும். ரெண்டு ஆசையும் நிறைவேறிடுச்சு.

போன் புளூடூத்ல இணைஞ்சிருந்தா, போனோட நீ விலகிப் போனதும் தானே பூட்டிக்கிற டைனமிக் லாக்னு ஒண்ணும் அந்த சைன்-இன் ஆப்ஷன்ஸ்லயே இருக்கு. ஆஃபீஸுக்கு நல்லது. நம்மளை மாதிரி ரெண்டு ரூம் ஃபிளாட்டுக்கு உதவாது. அடுக்களைக்குப் போனாலும் புளூடூத் எட்டும், பூட்டாது.

இன்னொண்ணு, சார்ஜர்ல போட்டுட்டு ஓடவிடு. புது லேப்டாப் பலதுல பேட்டரியில ஓடும்போது இந்த மாதிரிக் கோரிக்கையை விண்டோஸ் கொஞ்ச நேரத்துக்கு மேல மதிக்காது. இங்க மழைக்காலத்துல கரண்ட் போனா என் எக்ஸ்போர்ட் நிக்கறது சில சமயம் அதனாலதான். ஆப்பைக் குறை சொல்லி அழிச்சுட்டு வேற தேடாதே.

உங்க அத்தான் வெச்சிருக்கிறது மேக். அதுல தனியா ஒண்ணும் வாங்கவே வேண்டாம். 2012-ல வந்த மவுண்டன் லயன்லேர்ந்தே காஃபினேட்னு ஒரு கட்டளை உள்ளேயே இருக்கு. டெர்மினலைத் திறந்து அதை அடிக்கணும். பின்னாடி ஒரு சின்னக் கோடு போட்டு ஐ எழுத்து சேர்த்தா தூக்கத்தை மட்டும் தடுக்கும், டி எழுத்து சேர்த்தா திரையையும் எரிய வெக்கும். நமக்கு ஐ போதும். டி போட்டா திரை அணையாது, திரை அணையலைன்னா மேக்ல தானா விழற பூட்டும் விழாது. டி எழுத்தைப் பிரசன்டேஷன் காட்டும்போது மட்டும் போட்டா போதும். டெர்மினல்னாலே கை நடுங்குதுன்னா கீப்பிங் யூ அவேக், ஆம்ஃபெட்டமைன்னு இலவச ஆப்கள் இருக்கு. ரெண்டாவது பேரைக் கேட்டுத் திடுக்கிடாதே. அந்தப் பேர் போதை மருந்தைக் குறிக்குதுன்னு சொல்லி 2020 டிசம்பர் கடைசியில ஆப்பிளே அதைக் கடையிலேர்ந்து எடுக்கப் போறதா மிரட்டிச்சு. அதே ஆப்பை முன்னாடி அவங்க கடையில பாராட்டி எழுதியும் வெச்சிருந்தாங்க! உருவாக்கினவர் விஷயத்தை வெளியில சொல்ல, சில நாள்லயே ஆப்பிள் பின்வாங்கிடுச்சு. பேர் அப்படியே இருக்கு. அதுல "திரை மட்டும் தூங்கலாம்"ங்கறதை அனுமதிச்சு வெச்சுக்கிட்டா போதும்.

லினக்ஸ் உனக்கு வேண்டாம்னாலும் ஒரு வரி சொல்றேன், ஏன்னா கேரளாவுல பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்ல ஓடறது உபுண்டுவை வெச்சுச் செஞ்ச கைட் லினக்ஸ், இங்க வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு அது பழக்கம். க்னோம் திரையில காஃபின்னு ஒரு துணைக்கருவி போடுவாங்க. அது தூக்கத்தையும் திரை அணையறதையும் சேர்த்தே தடுக்கும், அப்ப தானா விழற பூட்டும் போச்சு. கேடிஈங்கற இன்னொரு லினக்ஸ் திரையில இருக்கிற சுவிட்ச், தூக்கத்தையும் திரைப் பூட்டையும் தடுக்கறேன்னு தன் பேர்லயே ஒப்புக்கும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அங்கெல்லாம் எழுந்து போகும்போது கையால பூட்டிட்டுப் போறதுதான் வழி.

இப்ப நான் போட்ட மவுஸ் ஆட்டிக்கு வருவோம். அதுதான் இருக்கறதுலயே மோசம். ஆள் உட்கார்ந்திருக்கான்னு மெஷினுக்குப் பொய் சொல்லுது. அதனால தூக்கம், திரை, ஸ்க்ரீன் சேவர், பூட்டு, ஆஃபீஸ்காரங்க வெச்ச கட்டுப்பாடு, எல்லாமே ஒரே அடியில காலி. யுஎஸ்பியில செருகற கருவியாவும் விக்கறாங்க. இந்த மாதிரிக் கருவியை யார் விரும்பி வாங்கறாங்கன்னு தெரியுமா? தடயவியல் துறைக்காரங்க. பறிமுதல் பண்ணின கம்ப்யூட்டர் பூட்டிக்காம இருக்கறதுக்கு! 2013 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பொது நூலகத்துல உட்கார்ந்திருந்த சில்க் ரோடு கள்ளச்சந்தைக்காரன் ராஸ் உல்பிரிக்ட்டை அமெரிக்க எஃப்பிஐ பிடிச்சப்ப, அவங்க கண்ணு ஆள் மேல மட்டும் இல்லை, லேப்டாப் மேலயும்தான். மூடி விழறதுக்குள்ள, பூட்டிக்கறதுக்குள்ள, திறந்தபடியே கையில எடுக்கணும்னு திட்டம் போட்டு எடுத்தாங்க. பூட்டின லேப்டாப்புக்கும் திறந்த லேப்டாப்புக்கும் அவ்வளவு வித்தியாசம். குற்றவாளி விஷயத்துல அது நல்லதாப் போச்சு. நம்ம லேப்டாப்பை நாமே அந்த நிலையில வெச்சிருக்கணுமா?

ஆஃபீஸ் சாட்ல வேலை பார்க்கிற மாதிரி பச்சைப் புள்ளி காட்டறதுக்காக இதைப் போடறவங்களும் உண்டு. இன்ஃபோபார்க் ஐடி வளாகத்துல வேலை பார்க்கிற, மேல் மாடியில இருக்கிற பொண்ணு ஒரு தடவை இதுக்கு என்கிட்ட யோசனை கேட்டா. வேண்டாம்னேன். 2024-ல அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு தட்டற மாதிரி பாவனை காட்டினதுக்காகப் பன்னிரண்டு பேருக்கு மேல வேலையை விட்டு அனுப்பிச்சது செய்தியாவே வந்தது. உன்னை நாள் பூரா புள்ளி பார்த்து அளக்கிற கம்பெனி நல்ல கம்பெனியான்னு கேட்டா, அது வேற பஞ்சாயத்து. அதுக்கு விடை மவுஸ் ஆட்டறது இல்லை.

ஆஃபீஸ் கொடுத்த லேப்டாப்னா நான் மேலே சொன்ன எதையும் நீயா போடாதே, அவேக் உட்பட. ஐடி பிரிவுக்கு ஒரு மெயில் போடு: "ராத்திரி அப்லோடு ஓடணும், தூக்க நேரத்தை மட்டும் நீட்டித் தர முடியுமா, திரைப் பூட்டு அப்படியே இருக்கட்டும்." இந்த ரெண்டாவது பாதியை எழுதினா பெரும்பாலும் சரின்னுடுவாங்க. அவங்க பயமே பூட்டைப் பத்தித்தான்.

எந்த ஆப்பை இறக்கினாலும் அது என்ன அனுமதி கேட்குதுன்னு பாரு. தூங்காம வெக்கறதுக்கு ஒரு ஆப்புக்கு உன் திரையைப் பதிவு பண்ற அனுமதி தேவையே இல்லை. மேக்ல அக்ஸசிபிலிட்டி அனுமதி கேட்டா, அது உனக்குப் பதிலா மவுஸையும் கீபோர்டையும் ஆட்ட முடியும்னு அர்த்தம். கேட்டதும் மூடிடு. பவர்டாய்ஸை மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேர்ந்தே எடு. தேடினதும் முதல்ல வர்ற "இலவச டவுன்லோடு" விளம்பரத்தை அமுக்காதே.

சில சமயம் நீ ஒண்ணும் போடாமலேயே லேப்டாப் தூங்காம கிடக்கும். யார் அதை முழிக்க வெச்சிருக்காங்கன்னு பார்க்க மேக்ல ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து எனர்ஜி பகுதிக்குப் போ. தூக்கத்தைத் தடுக்கறது யார்னு ஒரு பத்தியே இருக்கும். விண்டோஸ்ல அட்மின் உரிமையோட கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை ரிக்வஸ்ட்ஸ்ங்கற சொல்லோட கொடுத்தா பட்டியல் போடும். என்னோடதுல ஒரு தடவை பார்த்தா, மறந்துபோய் பின்னாடி ஓடிக்கிட்டிருந்த ஒரு வீடியோ டேப்.

மூடி விஷயத்துல எனக்கு ஒரு கோபமே உண்டு. அவேக்கோ காஃபினேட்டோ போட்டிருந்தாலும் சாதாரணமா மூடியைச் சாத்தினா லேப்டாப் தூங்கிடும், அது நல்லதுதான். அதையும் தடுக்கணும்னு "மூடினா ஒண்ணும் செய்யாதே"ன்னு மாத்தி வெச்சுடறாங்க. அப்புறம் சாத்தினா தூங்கவும் தூங்காது, பூட்டவும் பூட்டாது. சாத்தியாச்சுன்னு நாம நம்பிட்டிருப்போம், திறக்கிறவன் நேரா உள்ளே போவான். அதை அப்படியே பைக்குள்ள வெச்சு பஸ் ஏறினா, இறங்கறப்ப இட்லிப் பானை மாதிரி சுடும், பேட்டரியும் காலி. மூடி அதோட பழைய வேலையைச் செய்யட்டும் விடு.

சமையல் பண்ணும்போது ரெசிபி திரை அணைஞ்சு, மாவுக் கையோட தட்டித் தட்டி அவஸ்தைப்படறியே, அதுக்கும் இப்ப வழி இருக்கு. சில ரெசிபி தளங்கள்ல "சமைக்கும்போது திரை அணைய வேண்டாம்"னு ஒரு சுவிட்ச் வைக்கிறாங்க. குரோம்ல 2020-லேர்ந்தும், சஃபாரியில 2023-லேர்ந்தும் தளங்களுக்கு இந்த வசதி கிடைச்சிருக்கு. எனக்குப் பிடிச்சது என்னன்னா, வேற டேப்புக்குப் போனாலோ பக்கத்தை மூடினாலோ அந்த அனுமதி தானே கழண்டுடும். போனோட தூக்க நேரத்தை முப்பது நிமிஷமா மாத்தி வெச்சுட்டு மீன் வாங்கப் போறதை விட இது எவ்வளவோ மேல்.

எப்பவாவது திறந்து கிடந்த மெஷின்லேர்ந்து பணம் போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தா, யாரைத் திட்டலாம்னு யோசிக்காதே. உடனே 1930-க்கு போன் போடு, அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். அடுத்தது வங்கிக்கு.

இன்னைக்கு ராத்திரி எனக்காக ஒரு வேலை செய். அவேக்கை ஒரு மணி நேரத்துக்குப் போடு, ஸ்க்ரீன் சேவரை 5 நிமிஷத்துக்கு வை, ஒரு பெரிய ஃபைலை அப்லோடு போடு. பத்து நிமிஷம் லேப்டாப் பக்கமே போகாதே. திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் பாஸ்வேர்டு கேட்கணும், கொடுத்து உள்ளே போனா அப்லோடு முன்னேறியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு நடக்கலைன்னா எனக்கு போன் பண்ணு. பதினோரு மணிக்கு முன்னாடி.